முப்பத்தொரு ஓட்டு

மதிப்பெண் பட்டியல் எதைக் கொடுத்தாலும் அருள்செல்வி அதைக் கடைசி வரியிலிருந்துதான் படிப்பார். முப்பத்திரண்டு வருட ஆசிரியர் வேலையில் படிந்துபோன பழக்கம். முதல் மார்க் வாங்கிய பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது, கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பதல்லவா கேள்வி என்பார்.

சட்டமன்றத் தேர்தலில் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த பத்தாம் நாள், வாக்குச்சாவடி வாரியான பட்டியல் வீட்டுக்கு வந்தது. அதையும் அப்படித்தான் படித்தார். தொகுதியில் இருநூற்று எண்பத்தாறு சாவடிகள். தனக்கு விழுந்த ஓட்டு குறைவாக இருக்கும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே வந்தவர், 143-ஆம் எண்ணில் நின்றுவிட்டார். அங்கே பதிவானவை எழுநூற்றுத் தொண்ணூறு. அவருக்கு விழுந்தவை முப்பத்தொன்று.

அந்தச் சாவடி பூவரசம்பாளையம் அரசு மேல்நிலைப் பள்ளியில் இருந்தது. சோமனூரிலிருந்து நான்கு கிலோமீட்டர். அந்தப் பள்ளியில் அவர் பதினோரு வருடம் தலைமை ஆசிரியை. ஓட்டு மெஷின் வைத்திருந்த அறைகூட அவருக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு பி பிரிவு. மேற்குச் சன்னலுக்குக் கொக்கி கிடையாது.

"ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்," என்று கணவரைக் கூப்பிட்டார்.

தேவானந்தம் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அச்சுப் பிழையா இருக்கும், செல்வி. முந்நூத்திப் பத்தா இருக்கும்."

"மத்தவங்க ஓட்டோட கூட்டிப் பாத்துட்டேன். சரியா வருது."

"ஜெயிச்சாச்சு. அப்புறம் என்ன?"

"ஏன்னு தெரியணுமில்ல?"

இந்த ஒரு கேள்விதான் அவரை அடுத்த நாலு வருடம் அலைய வைத்தது. இதை எனக்குச் சொன்னவர் அவரேதான். தன்னைக் குறைத்துக் காட்டும் இடங்களைத் தவிர்க்காமல் சொன்னார். சில இடங்களில் நான் கேட்காமலே திரும்பப் போய்த் திருத்தினார்.

அருள்செல்வி போத்தனூர்க்காரர். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, இருபத்து நான்கு வயதில் வெள்ளகோவில் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். தேவானந்தத்துக்கு அப்போது காங்கேயம் தபால் ஆபீஸ். குடித்தனம் காங்கேயத்தில், வேலை வெள்ளகோவிலில். தினமும் பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் எதையாவது கேட்டுக்கொண்டே வருவார். ஒரு டின் எண்ணெய்க்கு எத்தனை தேங்காய், தேங்காய்ப் பருப்பு எத்தனை நாள் காயவேண்டும், மழை வந்துவிட்டால் என்ன செய்வீர்கள். எண்ணெய் மில்லுக்குப் போகும் பெண்கள் முதலில் சந்தேகமாகப் பார்த்தார்கள். பிறகு அவர்களே இடம் பிடித்து வைத்தார்கள். கேட்டது எல்லாம் மறுநாள் வகுப்பில் கணக்காக மாறும். புத்தகத்தில் இருக்கும் குழாயும் தொட்டியும் அவர் வாயில் தேங்காயாகவும் தறிப் பாவு நூலாகவும் ஆகிவிடும். பிள்ளைகளுக்குக் கணக்கு பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம் என்று அவரிடம் படித்த பலர் இன்றும் சொல்கிறார்கள்.

பூவரசம்பாளையத்துக்குத் தலைமை ஆசிரியையாக வந்தபோது அந்தப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அறுபத்தொரு சதவீதம். சுற்றிலும் விசைத்தறிகள். பிள்ளைகள் பள்ளி விட்டதும் தறிக்கு நூல்தார் சுற்றப் போய்விடுவார்கள். அவர் தறிக்காரர்கள் ஒவ்வொருவராகப் பார்த்து, தேர்வு மாதங்களில் மட்டும் பிள்ளைகளை விடச் சொன்னார். சாயங்கால வகுப்பு வைத்தார். பிள்ளைகளுக்குச் சுண்டல் வாங்கித்தர ஆள் பிடித்தார். மூன்றாம் வருடம் நூறு சதவீதம். அதற்குப் பிறகு தொடர்ந்து ஏழு வருடமும் நூறு. கலெக்டர் கையால் கேடயம், பத்திரிகையில் படம், மாவட்டத்தின் மற்ற பள்ளிகளிலிருந்து பார்வையிட வந்தார்கள். 'நூத்துக்கு நூறு டீச்சர்' என்று பேர் நிலைத்தது.

கட்சி அவரைத் தேடி வந்ததும் அந்தப் பேருக்காகத்தான். தொகுதிக்கு இரண்டு பேர் முட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் தோற்கடித்துவிடுவார். ஒன்றியச் செயலாளர் சரவணன் ஒரு சனிக்கிழமை மதியம் பள்ளிக்கு வந்து, ஆபீஸ் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"டீச்சருங்க பேரைச் சொன்னா எதிர்த்துப் பேச ரெண்டு பேருக்கும் வாய் வராதுங்க. அதுதானுங்க விசயம்."

"எனக்கு அரசியல் ஒண்ணும் தெரியாதுங்களே."

"தெரிஞ்ச ஆளு நாங்க இருக்கமுங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாராம். ஆனால் ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கேட்டு ஒன்பது வருடமாக மனு அனுப்புகிறார். ஒன்றுக்கும் மறுப்பும் வரவில்லை, அனுமதியும் வரவில்லை. அந்தக் காகிதங்கள் எல்லாம் எங்கே போகின்றன? உள்ளே போனால் பார்த்துவிடலாம் அல்லவா? விருப்ப ஓய்வுக்கு மூன்று மாத நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார். நம்புவதற்குச் சிரமமாக இருந்தாலும், பொதுவாழ்வுக்கு அவர் வந்த காரணம் இதுதான்.

காகிதத்தை எம்.எல்.ஏ. ஆன இரண்டாம் மாதமே கண்டுபிடித்தார். கோவையில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில், ஒன்பது மனுவும் ஒரே கோப்பில், தேதி வரிசைப்படி அழகாகத் தைத்து வைக்கப்பட்டிருந்தன. முதல் மனுவோடு இட வரைபடம் இணைக்கவில்லை என்று ஒரு குறிப்பு. அதைப் பள்ளிக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வரைபடம் கொடுத்த ஐந்தாம் மாதம் கழிப்பறை கட்டி முடிந்தது. அவருக்குச் சந்தோஷத்தைவிட வியப்புதான் அதிகம். "இவ்வளவுதானா?" என்று தேவானந்தத்திடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

முப்பத்தொன்று மட்டும் பிடிபடவில்லை.

சரவணனைக் கேட்டார். சரவணன் விரல்விட்டு எண்ணிக் காரணம் சொன்னார். அந்தச் சாவடி பாறைக்காட்டுப் புதூர்க்காரர்களுடையது, முந்நூறு வீடு, எல்லாம் தறித் தொழிலாளிகள். தண்ணீர்ப் பிரச்சினை. நீங்கள் சர்ச்சுக்குப் போகிறவர் என்று யாராவது பேசியிருக்கலாம். எதிர்க்கட்சி ஆள் அங்கே பலம்.

அருள்செல்வி முந்தைய தேர்தலின் பட்டியலை வரவழைத்தார். அதே சாவடி, அதே கட்சி, எழுநூற்று ஐம்பத்தொன்றில் நானூற்று முப்பத்தாறு. அதற்கு முந்தையதிலும் பாதிக்கு மேல்.

"தண்ணி அப்பவும் வரலையே சரவணன்?"

"வரலீங்க."

"பக்கத்துச் சாவடியிலயும் நான் அதே சர்ச்சுக்குத்தானே போறேன்? அங்க ஐந்நூறு விழுந்திருக்கு. அப்ப கட்சி பிடிக்காம இல்ல, மதமும் இல்ல. என்னைத்தான் பிடிக்கல."

சரவணன் தலையைச் சொறிந்தார். "ஜெயிச்ச பின்னால இதையெல்லாம் யாருங்க பாக்கறாங்க?"

நன்றி சொல்லும் சுற்றுப்பயணத்தில் புதூருக்கும் போனார். நான்கு கார், மாலை, சால்வை. வீதிக்கு வீதி வரவேற்பு. "வாங்க டீச்சர், ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க." "டீச்சருங்க நம்ம ஊட்டு ஆளுங்க." தண்ணீருக்கு மனு கொடுத்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். யார் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை. காரில் ஏறியதும், இந்த ஊரில் தன்னைப் பிடிக்காத ஒரு ஆளைக்கூடப் பார்க்கவில்லையே என்று அவருக்குக் குழப்பமாகிவிட்டது. எழுநூற்று ஐம்பத்தொன்பது பேர் எங்கேதான் இருந்தார்கள்?

பிறகுதான் ஒரு யோசனை வந்தது. யார் யாருக்குப் போட்டார்கள் என்பதை ஓரளவு அறிந்தவர்கள் பூத் ஏஜென்ட்டுகள். தன் கட்சி ஏஜென்ட் உண்மையைச் சொல்ல மாட்டார். எதிர்க்கட்சிக்கு அன்று யார் உட்கார்ந்தது? சரவணன் விசாரித்துச் சொன்னார்: லோகப்பிரியா என்று ஒரு பெண், திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருள்செல்வி காலை ஆராதனைக்குப் போகவில்லை. யாரிடமும் சொல்லாமல் டவுன் பஸ் ஏறிப் புதூரில் இறங்கினார். வீட்டு வாசலில் ஒரு பெண், தன் பிள்ளையின் யூனிஃபார்மை அலசிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும்.

"ஏனுங்க டீச்சர், தனியாவா வந்தீங்க?" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "உள்ள வாங்க."

"லோகப்பிரியாங்கிறது நீதானா கண்ணு?"

"ஆமாங்க. உங்களுக்கு என்னைத் தெரியலீங்களா?"

அருள்செல்வி பார்த்தார். தெரியவில்லை. "நம்ம ஸ்கூலா?"

"ஒம்பதாவது சி பிரிவுங்க."

"பத்தாவது எந்த வருஷம் முடிச்சே?"

"முடிக்கலீங்க."

சேர் போட்டாள். காப்பி வந்தது. லோகப்பிரியாவின் அம்மா உள்ளேயிருந்து வந்து கும்பிட்டுவிட்டுச் சுவரோரம் நின்றார். அருள்செல்வி சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார். "இந்தச் சாவடியில எனக்கு முப்பத்தொரு ஓட்டுத்தான் விழுந்திருக்கு. சண்டை போட வரல. ஏன்னு தெரிஞ்சுக்கணும்."

லோகப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "போச்சாது, சொல்லு அம்மணி," என்றார்.

"ஒம்பதாவது அரையாண்டுல எனக்குக் கணக்குல பதினெட்டுங்க, இங்கிலீசுல இருபத்தொண்ணு. தைப் பொங்கல் லீவு முடிஞ்சு எங்கம்மாவைக் கூட்டியாறச் சொன்னாங்க. நீங்க எங்கம்மாவைச் சேர்ல உக்கார வெச்சுப் பேசுனீங்க. அதுக்கு முன்னால ஸ்கூல்ல யாரும் எங்கம்மாவை உக்காரச் சொன்னதில்லைங்க. புள்ளை கெட்டிக்காரிதானுங்க, படிப்புத்தான் கொஞ்சம் ஏறமாட்டேங்குது, பெயிலாகிப் பேரு கெடறதுக்கு இப்பவே டி.சி. வாங்கிக்கிட்டா பின்னால தனியா எழுதிக்கலாமுங்கன்னு சொன்னீங்க. எங்கம்மா கைநாட்டு வெச்சுப்போட்டு, உங்களைக் கும்பிட்டுட்டு வந்துச்சு. வழியெல்லாம், டீச்சர் எவ்வளவு தன்மையாப் பேசறாங்கன்னு சொல்லிக்கிட்டே வந்துச்சுங்க. மக்கா நாளு நான் தறிகுடோனுக்குப் போயிட்டேன்."

"எனக்கு ஞாபகம் வரலையே கண்ணு."

"வராதுங்க. எங்க வீதியிலேயே ஒம்பது பேருங்க."

பிறகு அவளே தொடர்ந்தாள். "யாரும் பேசி வெச்சு ஓட்டுப் போடலீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க ஆளுக ஒரு பிளெக்ஸ் கட்டுனாங்க. 'எட்டு ஆண்டுகள் நூறு சதவீதத் தேர்ச்சி'ன்னு பெருசா. அதைக் கொண்டாந்து எங்க தண்ணித் தொட்டிக்கு எதிர்லயே கட்டிப்போட்டாங்க. இருபது நாளு கொடத்தோட நிக்கறப்பெல்லாம் அதைத்தான் படிச்சோம். எல்லாத்து ஊட்டுலயோ சொந்தத்துலயோ அப்படி ஒரு ஆளு உண்டுங்க. முப்பத்தொண்ணு வந்ததே எங்களுக்கு ஆச்சரியந்தானுங்க. நான் பத்துப் பதினஞ்சு வரும்னுதான் நெனச்சேன்."

அந்த நிலையிலும் அருள்செல்வியால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்த முப்பத்தொண்ணு யாரு?"

லோகப்பிரியா சிரித்துவிட்டாள். "உங்க கட்சிக்காரங்க ஊட்டு ஆளுகதானுங்க."

திரும்பி வரும்போது தனக்கு முதலில் வந்தது கோபம்தான் என்று அருள்செல்வி என்னிடம் சொன்னார். ஆயிரம் பிள்ளைகளைக் கரையேற்றியது யாருக்கும் தெரியவில்லை, ஒன்பது பேர் தெரிகிறதா? எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதானே? எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்த முடியாது, பத்தாம் வகுப்பில் சதவீதம் கேட்பார்கள், இடையில் இருப்பது ஒன்பதாம் வகுப்பு மட்டும்தான். அங்கேதான் வடிகட்ட முடியும். அதிகாரிகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "பாத்து நடவடிக்கை எடுங்க டீச்சர்" என்பார்கள். எல்லோருக்கும் புரியும். பஸ் சோமனூர் வருவதற்குள் கோபம் போய், ஒன்பதுதானா என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. மொத்தம் எத்தனை பேர்?

பள்ளியில் இப்போது தலைமை ஆசிரியர் மெல்வின். அருள்செல்வியிடம் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர். எம்.எல்.ஏ. வந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டையும் டி.சி. அடிக்கட்டைகளையும் கேட்டதும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"மேடம், ஏதாவது புகாருங்களா?"

"என் மேலதான் புகார். நீங்க பீரோவைத் திறங்க."

மூன்று மதியங்கள் அங்கே உட்கார்ந்தார். எட்டு வருடங்களில் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு. அவர்களில் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் எழுநூற்று எண்பத்தொன்று. குறைந்தது நூற்று அறுபத்தேழு. அதில் ஐம்பத்து நான்கு பேர் வேறு பள்ளியில் சேர்ந்ததற்குக் கடிதம் இருந்தது. மீதி நூற்றுப் பதிமூன்று பேருக்கு ஒன்றும் இல்லை. அறுபத்தொரு பேர் பாறைக்காட்டுப் புதூர். டி.சி.யில் விலகக் காரணம் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ஒரே வரி: பெற்றோர் வேண்டுகோளின்படி. கீழே எல்லாவற்றிலும் அவருடைய கையெழுத்து, அந்தச் சாய்வான 'அ'வோடு.

வீட்டுக்கு வந்து தேவானந்தத்திடம் எண்ணைச் சொன்னார்.

"சரி, தெரிஞ்சுபோச்சு. இனி என்ன பண்ணப்போறே?"

"மத்த ஸ்கூல்ல எத்தனைன்னு கேக்கணும்."

"கேட்டா உன் பேரும் வரும், செல்வி."

"வரும்."

தேவானந்தம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "முப்பது வருஷமா உன் சம்பாத்தியம் அந்தப் பேரு ஒண்ணுதான். அதைக் கொண்டுபோய்க் கொட்டணுமான்னு யோசிச்சுக்க. நான் தடுக்கல," என்றார்.

யோசித்தார். ஒரு மாதம் யோசித்தார். அந்த மாதத்தில் அவர் சந்தோஷமாக இல்லை என்பதை மட்டும் சொன்னார்.

பிறகு பேரவைக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் கடந்த பத்து ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள் எத்தனை, அவர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை, மற்றவர்கள் எங்கே? முதல் தடவை, தகவல் மிக விரிவானது என்று திரும்பி வந்தது. சுருக்கி அனுப்பினார். அடுத்த கூட்டத்தொடரில் பட்டியலில் கடைசியில் வந்தது. அதற்குள் கேள்வி நேரம் முடிந்துவிட்டது. இதற்கிடையில் கட்சிக் கொறடா அழைத்தார்.

"டீச்சர், இது ரெண்டு ஆட்சியிலயும் நடந்த விஷயம். கேட்டா ரெண்டு பக்கமும் நாறும். வேற கேள்வி போடுங்களேன். பாலம், ரோடு, ஏதாவது."

"அதுவும் போட்டிருக்கேங்க. இதுவும் இருக்கட்டும்."

மூன்றாவது தடவை எழுத்து மூலம் பதில் வந்தது. எண்கள் இருந்தன, பெரிய எண்கள். காரணம் என்ற தலைப்பின் கீழ், 'பெற்றோர் வேண்டுகோளின்படி மாற்றுச் சான்றிதழ் வழங்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. அதைப் படித்தபோது சிரிப்பு வந்ததாம். அவரே எத்தனையோ தடவை எழுதிய வரி.

கல்வித் துறை மானியக் கோரிக்கை மீது பேச அவருக்கு ஆறு நிமிடம் கிடைத்தது. முதல் மூன்று நிமிடம் தொகுதிக் கோரிக்கைகள். பிறகு பதிலில் இருந்த எண்ணைப் படித்தார். "இதில் நூற்றுப் பதிமூன்று பேர் என் பள்ளியில் படித்தவர்கள். சான்றிதழில் கையெழுத்துப் போட்டவள் நான். பெற்றோர் யாரும் வேண்டவில்லை. நான்தான் அவர்களை வரவழைத்து, வேண்டச் சொன்னேன்," என்றார். எதிர் வரிசையிலிருந்து ஒருவர், அப்படியானால் வாங்கிய கேடயத்தைத் திருப்பிக் கொடுப்பாரா என்று கேட்டார். "கொடுத்துவிடுகிறேன்," என்றார். மறுநாள் கொடுத்தும் விட்டார். கலெக்டர் அலுவலகத்தில் அதை வாங்கிக்கொள்ள எந்தப் பிரிவுக்கு அதிகாரம் என்று தெரியாமல் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

பத்திரிகைகள் மூன்று நாள் எழுதின. மூன்றாம் நாள் ஆசிரியர் சங்கத்தினர் அவருடைய அலுவலகம் முன்னால் கறுப்புப் பட்டை அணிந்து நின்றார்கள். நின்றவர்களில் பாதிப் பேர் அவருக்குத் தெரிந்தவர்கள். ஒரு அம்மா, பூவரசம்பாளையத்தில் பத்து வருடம் கூட வேலை பார்த்தவர், நேரே வந்து சொன்னார்: "மேடம், நீங்க சொல்லித்தானே நாங்க லிஸ்ட் எடுத்தோம். இப்ப நீங்க நல்லவங்க, நாங்க கெட்டவங்களா?" இந்தக் கேள்வியை அருள்செல்வி என்னிடம் வார்த்தை மாறாமல் சொன்னார்.

ஆறு மாதம் கழித்துத் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு டி.சி. கொடுத்தால், பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்கிறது என்பதைப் பெயரோடு பதிவு செய்யவேண்டும். ஒரே ஒரு பத்தி. அவருடைய ஐந்து வருட எம்.எல்.ஏ. வாழ்க்கையில் பாலம் ஒன்று, தண்ணீர்த் தொட்டிகள் ஏழு, கழிப்பறைகள் பதினான்கு, இந்தப் பத்தி ஒன்று.

அந்த நூற்றுப் பதிமூன்று பேரையும் தேடினார். எழுபத்து நான்கு பேர் கிடைத்தார்கள். தனித்தேர்வராகப் பத்தாவது எழுத விருப்பமா என்று ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டார். பத்தொன்பது பேர் வந்தார்கள். பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் ஞாயிறுதோறும் சர்ச் முடித்து வந்து அவரே கணக்கு எடுத்தார். ஆஸிம் என்று ஒருவன், பிக்கப் வேன் ஓட்டுகிறவன், முதல் நாள் வந்து, "டீச்சர், என்னை வெளிய அனுப்பினதுக்கு நான் உங்களைத் திட்டாத நாளே இல்லீங்க," என்று சொல்லிவிட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தான். அந்த வருடம் பதினொரு பேர் தேர்ச்சி. ஆஸிம் கணக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தேறினான். கணக்கு மூன்றாவது தடவையில்தான் வந்தது.

லோகப்பிரியா வரவில்லை. மூன்று தடவை போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

"எனக்கு இப்ப அது எதுக்குங்க டீச்சர்? லைன்ல சூப்பர்வைசர் ஆயிட்டேன். ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் எம்புள்ளையோட இருக்கேன். உங்க மேல கோபமெல்லாம் இல்லீங்க. அதுக்காக வரணும்னும் இல்லீங்களே."

"இல்லை கண்ணு," என்று அருள்செல்வி ஒப்புக்கொண்டார். போனபோதெல்லாம் காப்பி மட்டும் கொடுத்தாள்.

அடுத்த தேர்தலில் கட்சி அவருக்குச் சீட் கொடுக்கவில்லை. சரவணன் வந்து விஷயத்தைச் சொல்ல மிகவும் சங்கடப்பட்டார். "ஜெயிக்கற ஆளுதானுங்க நீங்க. ஆனா மேல பயப்படறாங்க. அடுத்து எந்தக் கேள்வி கேப்பீங்கன்னு தெரியலைங்கறாங்க." அருள்செல்விக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று அவர் நடிக்கவில்லை. அலுவலகத்தைக் காலி செய்த அன்று தேவானந்தம் ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போனார்.

போன ஜூன் மாதம் மெல்வின் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மெமோ. பூவரசம்பாளையத்தில் அந்த வருடம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பத்துக்கு ஏறக்குறைய எல்லோரும் போயிருந்தார்கள்: நூற்று நான்கு பேரில் நூற்றொரு பேர். மூன்று பேர் குடும்பத்தோடு ஊர் மாறியவர்கள். நூற்றொரு பேரில் எண்பத்தொன்பது பேர் தேர்ச்சி. சதவீதம் எண்பத்தெட்டு. மாவட்டத்தில் கடைசி இருபது பள்ளிகளில் ஒன்று. தேர்ச்சி குறைந்ததற்கு ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"என்ன எழுதறதுன்னே தெரியலீங்க மேடம்."

இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். நான்கு தடவை அடித்துத் திருத்திக் கடைசியில் இரண்டு வாக்கியத்தில் முடித்தார்கள். யாரையும் நிறுத்தவில்லை. தவறிய பன்னிரண்டு பேருக்கும் துணைத்தேர்வுக்கு வகுப்பு நடக்கிறது.

அதை நேரில் கொடுக்கக் கோவைக்கு மெல்வினோடு அருள்செல்வியும் போனார். முதன்மைக் கல்வி அலுவலகத்தில் பதினொரு மணிக்குப் போனவர்கள் மூன்று மணி வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னாள் எம்.எல்.ஏ. என்று சொல்லியிருந்தால் உடனே விட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. உள்ளே இருந்த அதிகாரி புதியவர், முப்பத்தைந்து வயது இருக்கும். கடிதத்தைப் படித்துவிட்டுக் கோப்பைப் புரட்டினார்.

"இந்த ஸ்கூல் தொடர்ந்து எட்டு வருஷம் நூறு காட்டியிருக்கே? அப்ப இருந்த எச்.எம். எப்படிப் பண்ணினாங்க? அவங்ககிட்டக் கேட்டு அதே மாதிரி பண்ணலாமே?"

மெல்வின் குனிந்துகொண்டார். அருள்செல்வி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான்தானுங்க அது. எப்படின்னு சொல்றேன், உங்களுக்கு ஒரு அரை மணி நேரம் இருக்குங்களா?" என்று கேட்டார்.

அதிகாரி அரை மணி நேரத்துக்கு மேலேயே கேட்டார். குறிப்பெல்லாம் எடுத்துக்கொண்டார். ஆனாலும் மெல்வினுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனி தேர்ச்சி குறையக் கூடாது என்று ஒரு வரி. விதி அப்படித்தான், தனிப்பட்ட முறையில் வருந்துகிறேன் என்று அதிகாரி போனில் சொன்னாராம். மெல்வின் அதைக் கோப்பில் வைத்துவிட்டார். ஜூலையில் துணைத்தேர்வு எழுதிய பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் தேறிவிட்டார்கள். மீதி மூன்று பேருக்கும் கணக்கில்தான் தடங்கல். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் நாலரை மணிக்கு அவர்களுக்கு வகுப்பு. அருள்செல்வி நாலு மணிக்கே போய்விடுகிறார்.